தமிழில் எழுதச் சொன்னார்கள்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது நோட்டுப் புத்தகம் கிடையாது. சிலேட்டு மாதிரி ஒரு டேப்லெட்தான். போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். நர்ஸ் ரேவதி அதை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பெண் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொல்ற மாதிரி நோயி இந்த லிஸ்ட்லயே இல்லக்கா. 'மற்றவை'ன்னு போட்டுக்கிறேன்" என்றாள் ரேவதி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னா ஆயா சிரிக்கிறீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்றேன். விடவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு விழா எடுக்கிறோம், நீங்கள் மேடையில் ஏறி நாலு வார்த்தை பேசவேண்டும் என்றாள். நாலு வார்த்தை பேசத் தெரிந்திருந்தால் நான் ஏன் காலமெல்லாம் வாளி தூக்கியிருக்கப் போகிறேன்? கட்சியில் சேர்ந்து வாளி வாங்குகிற கமிட்டியில் உட்கார்ந்திருப்பேனே. எழுதித் தருகிறேன், விழா மலரில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அஞ்சாவது படித்தவள் எழுதுவது. பிழை இருந்தால் அரசாங்கத்தின் பேரில் போட்டுக்கொள்ளவும். அதற்குப் பழக்கம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது ஆகவில்லை. கப்பலேறிப் போன புருஷனிடமிருந்து கடிதம் நின்று போயிருந்தது. குஞ்சம்மாள் என்று பெயர் எழுதி உள்ளே போனேன், மத்தியானம் வெளியே வரும்போது ஆயாவாகிவிட்டேன். ஒரே காலைப்பொழுதில் ஒருத்தியைக் கிழவியாக்கும் வேலை அரசாங்கத்துக்கு மட்டுமே கைவரும். பயிற்சியும் அந்தக் காலைப்பொழுதுதான். கம்பவுண்டர் ஒரு வாளியைக் காட்டி "இது நல்ல வாளி" என்றார். இன்னொன்றைக் காட்டி "இது கெட்ட வாளி, மாத்திப்புடாதே" என்றார். இரண்டும் ஒரே நிறம். கெட்ட வாளியில் ஓட்டை இல்லை, அதுதான் வித்தியாசம்.

டாக்டர் ஐயா வெளியூர்க்காரர், மெலிந்தவர். யாரையும் அதட்ட மாட்டார். எது கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு "பார்ப்போம்" என்பார். லீவு கேட்டாலும் பார்ப்போம், லைசால் தீர்ந்துவிட்டது என்றாலும் பார்ப்போம். கண்ணாடி போட்டபடி அவர் பதில் சொன்னதை நான் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மேஜையில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். பெயர், வயது, ஊர், நோய், மருந்து என்று கட்டம் கட்டியிருக்கும். எல்லாம் இங்கிலீஷ். நோய்க் கட்டத்தில் 'ஜி.இ., ஜி.இ.' என்று வரிசையாக இருக்கும். ஜி.இ. என்றால் என்ன என்று கம்பவுண்டரைக் கேட்டேன். "வயித்தால போறது" என்றார். "வாந்தியும் போகுதேங்க?" என்றேன். "அதுவும் ஜி.இ.தான்." "ஆளே போயிட்டுதுன்னா?" அவர் கதவைப் பார்த்தார். "அது ஜி.இ. முத்திட்டுதுன்னு அர்த்தம். வேலையைப் பாரு."

பிறகுதான் தெரிந்தது. காலரா நம் மாநிலத்தில் ஒழிந்துவிட்டதாக மேடையில் சொல்லிவிட்டார்கள். மேடையில் ஒழித்ததைப் பதிவேட்டில் எழுதக்கூடாது என்று தஞ்சாவூரிலிருந்து வாய்மொழியாக உத்தரவு. அந்த நோய்க்கு மேடைப் பேச்சுக் கேட்கும் பழக்கம் இல்லை போலிருக்கிறது. கோடை தவறாமல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துக்கொள்ளும். நாங்களும் ஒழிந்துபோன நோய்க்குப் பாய் விரித்து, வாளி வைத்து, ஜி.இ. என்று வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இப்படி இருக்கையில் அரசாங்கத்திடமிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. இது எழுத்திலேயே வந்தது. இனி அலுவலகத்தில் எல்லாம் தமிழில் இருக்கவேண்டும். பலகை, முத்திரை, பதிவேடு எல்லாம். பங்குனியில் ஆய்வுக்கு அதிகாரி வருவார். கம்பவுண்டர் உடனே மருத்துவ விடுப்பில் போய்விட்டார். டாக்டர் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஆயாம்மா, உன் கையெழுத்து எப்படி இருக்கும்?"

ஒரு காகிதத்தைக் கொடுத்தார், என் பெயரை எழுதினேன். "முத்து முத்தா இருக்கே!" என்றார். அன்றிலிருந்து மத்தியானம் வாளி கழுவிய பிறகு பதிவேட்டைத் தமிழில் பெயர்த்து எழுதுவது என் வேலை. அவர் இங்கிலீஷைப் படித்துப் பொருள் சொல்வார், நான் எழுதுவேன். காய்ச்சல், சிரங்கு, காதுவலி, தேள்கடி. ஜி.இ. வந்தபோது அவர் நிறுத்தினார். அவர் படித்தது முழுக்க இங்கிலீஷில். "அதுக்குத் தமிழ்ல என்னமோ ஒண்ணு உண்டு. நீயே எழுதிடு" என்று சொல்லி நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த தமிழில் அதற்கு ஒரு பெயர்தான் இருந்தது. வாந்தியும் உண்டு, பேதியும் உண்டு. வாந்திபேதி என்று எழுதினேன். ஜி.இ. இருந்த இடத்திலெல்லாம் எழுதினேன். ஒரு பக்கத்தில் பதினோரு வாந்திபேதி வந்தது. அந்த 'ந்' என் கைக்கு அழகாக வரும்.

அந்த வருஷம் தை அறுவடையில் கூலித் தகராறு. ஊருக்கு மேற்கே கூலி ஆட்கள் இருந்த மேலத்தெருவில் சிவப்புக் கொடி நட்டு, கலத்துக்கு இவ்வளவு நெல் கூலி கூட வேண்டும் என்று அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். முன்னால் நின்று கத்தியவள் காத்தாயி. நடவு வயலில் அவள் குலவை போட்டால் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கேட்கும். மிராசுதார் கூலியை ஒத்துக்கொண்டார். மறுநாள் களத்திலிருந்த கிணற்றுக்கு வேலி போட்டுப் பூட்டிவிட்டார். அந்தத் தெருவுக்கு அது ஒன்றுதான் குடிதண்ணீர். ஆட்சி மாறியபோது அவர் தோள்துண்டின் கரை மாறியது. கிணறு மட்டும் தாத்தா காலத்துக் கிணறாகவே இருந்தது. புகார் கொடுக்கப் போனவர்களிடம், சொந்தக் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டால் சட்டம் என்ன செய்யும் என்று கேட்டார்கள். சட்டத்துக்குத் தாகம் எடுக்காது என்பது நிஜம்தான்.

மேட்டூர் அணையை மூடியாயிற்று. வாய்க்கால் வறண்டு, மதகடியில் ஒரு குட்டை நின்றது. அதில்தான் மாடு குளித்தது, அதைத்தான் தெரு குடித்தது. மாசி பாதியில் அந்தத் தெருவிலிருந்து கட்டில்கள் வரத் தொடங்கின.

காத்தாயியைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தபோது காலை எட்டு மணி. முன்பக்கக் காலைப் பிடித்திருந்தவர் அவள் புருஷன் முருகையன். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. அந்த நோய் முதலில் குரலைத்தான் எடுக்கும். கூலி பேசிய தொண்டையைத் தேடிப் பிடித்து எடுத்தது. கண் உள்ளே போயிருந்தது. விரல் நுனியெல்லாம் நாளெல்லாம் நாற்று நட்டவள் விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நடவு முடிந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. டாக்டர் ஐயா அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது.

நடுவில் ஓட்டை வைத்த கட்டில் ஒன்று எங்களிடம் உண்டு. ஒழிந்துபோன நோய்க்காக யாரோ ஒழிக்காமல் விட்டது. அதில் படுக்கவைத்து அடியில் கெட்ட வாளியை வைத்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் ஐயா இரண்டு கையிலும் ஊசி ஏற்றி இரண்டு பாட்டில் சலைன் தொங்கவிட்டார். அலமாரியில் இருந்ததே ஆறு.

"ஆயாம்மா, வைத்தியம் ரொம்பச் சுலபம். வெளியே போறதைவிட உள்ளே போறது கூட இருக்கணும். வெளியே எவ்வளவுன்னு நீ சொல்லு."

வாளியில் ஆணியால் கோடு கிழித்தேன். அரைக்கோடு, முக்கால் கோடு என்று சொல்லச் சொல்ல அவர் பாட்டிலை வேகமாக்கினார். முருகையன் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அவள் வாயில் விட்டுக்கொண்டிருந்தார். அவள் துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி விட்டார். "ஊரையே அதட்டுனியே, இந்த ஒரு கரண்டியை அதட்டி உள்ள தள்ளுடி" என்று கெஞ்சினார். அவள் கண்ணால் முறைத்தாள். அந்த முறைப்பைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பொழுது சாய்கிற நேரம் அவளுக்குச் சிறுநீர் வந்தது. ஓடிப்போய், "ஐயா, வந்துட்டுங்க!" என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை, சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

அலமாரியில் பாட்டில் இல்லை. அன்று சாயங்காலம் அவர் என் பதிவேட்டை முதல் முறையாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன ஆயாம்மா இது? வாந்திபேதின்னு எழுதியிருக்கே."

"அதுதாங்க பேரு."

"இது காலரா. இதை எழுதக்கூடாது."

நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். இந்த வார்த்தையை எழுதினால் உடனே தஞ்சாவூருக்குத் தந்தி கொடுக்கவேண்டும். தந்தி போனால் பிளீச்சிங் பவுடர் அனுப்பவேண்டும், தண்ணீர் லாரி அனுப்பவேண்டும், சலைன் பெட்டி பெட்டியாக அனுப்பவேண்டும், கிணற்றுப் பூட்டை உடைக்கக்கூட அதிகாரம் உண்டு. இவ்வளவும் செய்யவேண்டி வரும் என்றுதான் எழுதக்கூடாது.

என் வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் கேட்ட ஒரே கேள்வியை அப்போது கேட்டேன். "அப்ப, எழுதுனா இதெல்லாம் வருங்களா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "பார்ப்போம். நாளைக்கு எல்லாத்தையும் வயிற்றுக்கோளாறுன்னு மாத்திடு."

மறுநாள் மாற்றுவதற்கு ரப்பரும் பிளேடும் எடுத்து வைத்தேன். பொய் சொல்லவில்லை, மாற்றியிருப்பேன். எனக்குப் பயம் அதிகம். ஆனால் காலையில் முருகையன் வந்துவிட்டார். கட்டிலின் முன்காலைப் பிடித்து அல்ல, கட்டிலில். அதே குட்டைத் தண்ணீர். டாக்டர் ஐயா பஸ் ஏறி மன்னார்குடிக்கு ஓடினார். காலரா என்று எழுத்தில் இருந்தால் பாட்டில் தருகிறோம், ஜி.இ.க்கு இவ்வளவு எதற்கு என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். கெஞ்சி ஒரே ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நான் முருகையனுக்குக் கண்ணை மூடிவிட்டிருந்தேன். உப்புத் தண்ணீரைக் கரண்டியால் விட்டுக்கொண்டே இருந்தவள் காத்தாயி. எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் பக்கத்துக் கட்டிலிலிருந்து கையை நீட்டி விட்டாள்.

அழக்கூடக் குரல் வரவில்லை அவளுக்கு. நான் பதிவேட்டைத் திறந்ததும் காற்றுக் குரலில் கேட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு எதுல போனாருன்னு எழுதுவே?"

நான் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"சொல்லு குஞ்சம்மா. நாளைக்கு எம் புள்ள கேக்கும்."

ஆஸ்பத்திரியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். பேனாவை எடுத்தேன். முன்னால் எழுதியதெல்லாம் தெரியாமல் எழுதியது. இதைத் தெரிந்தே எழுதினேன். முருகையன், நாற்பது, மேலத்தெரு, வாந்திபேதி, மருந்து இல்லை. எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன்.

டாக்டர் ஐயா அந்த ஒற்றைப் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு வரியைப் படித்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு கதவு ஓரம் நின்றேன். அவர் கை கண்ணாடிக்குப் போனது, பாதியில் திரும்பி வந்தது. கழற்றவில்லை. பேனாவை எடுத்துப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். முந்தைய பக்கங்களைப் புரட்டி ஒவ்வொன்றிலும் போட்டார்.

"கையெழுத்து நல்லா இருக்கு ஆயாம்மா" என்றார். அவ்வளவுதான்.

கையோடு தந்தியும் கொடுத்தார். தந்தி தஞ்சாவூரில் எந்த மேஜைக்குக் கீழே விழுந்ததோ, பதிலே இல்லை. நோய்க்கு யாரும் வரவில்லை. தமிழுக்கு மட்டும் சொன்ன நாளில் ஜீப் வந்தது.

ஆட்சிமொழி அதிகாரி நல்ல தடிமன், சந்தனப் பொட்டு. வாசலில் கட்டில்கள் கிடந்ததைத் தாண்டி வந்து, மேலே பலகையில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று வருத்தப்பட்டார். பிறகு பதிவேட்டைப் பிரித்தார். நான் கட்டுப் போடும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"வாந்திபேதி! அடடா! எல்லா ஆஸ்பத்திரியிலும் இங்கிலீஷில் கிறுக்கி வைத்திருக்கிறார்கள் டாக்டர். இங்கே பாருங்கள், இந்தப் பக்கத்தில் பிறமொழிச் சொல் ஒன்றுகூட இல்லை. வாந்திபேதி, வாந்திபேதி, வாந்திபேதி... என்ன ஓசை நயம்! யார் எழுதியது?"

டாக்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே என் கதவைப் பார்த்தார். நான் இன்னும் உள்ளே போனேன்.

"எங்க ஊழியர்தான் சார். ரொம்பக் கூச்சம்."

"தமிழுக்குக் கூச்சம் கூடாது!" என்று சொல்லி, பதிவேட்டை மாதிரிப் பதிவேடாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. எழுத்துப்பிழை எத்தனை என்று மட்டும் எண்ணினார். இல்லை என்றார்.

தஞ்சாவூரில் அப்போது தமிழ் வாரம். பந்தல் போட்டு, தோரணம் கட்டி, சிறந்த தமிழ்ப் பதிவேடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எங்களுடையது முதல் பெட்டியில், பதினோரு வாந்திபேதி இருக்கும் பக்கத்தைத் திறந்தபடி. பள்ளிக்கூடப் பெண்களை வரிசையாக அழைத்து வந்து வாய்விட்டுப் படிக்கவைத்தார்களாம். படித்தவர்களில் ஒரு பத்திரிகைக்காரரும் எதிர்க்கட்சி ஆளும் இருந்தார்கள். அடுத்த வாரம் சட்டசபையில் கேள்வி. ஒழிந்த நோய் இவ்வளவு அழகான கையெழுத்தில் எப்படி இருக்கிறது என்று. அரசாங்கத் தரப்பில், மாநிலத்தில் காலரா அறவே இல்லை, சில இடங்களில் வாந்திபேதி மட்டும் உண்டு என்று பதில் சொன்னதாக டீக்கடைப் பேப்பரைப் படித்துச் சொன்னார்கள். சபையே சிரித்ததாம். மேலத்தெருவில் சிரிப்பதற்கு ஆள் குறைந்திருந்தது.

ஆனால் வந்தார்கள். ஒரே நாளில் ஐந்து ஜீப். தண்ணீர் லாரி. பெட்டி பெட்டியாகச் சலைன். ஊசி போட வந்தவர்கள் எங்களுக்கே இரண்டு தடவை போட்டார்கள். மிராசுதார் தாமாகவே சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, பூட்டே போடவில்லை, வேலி மாடு நுழையாமல் இருக்கத்தான் என்றார். தாசில்தார் ஆமாம் என்று தலையாட்டினார். மேலத்தெருவில் அதற்குப் பிறகு சாவு இல்லை. அந்த வார்த்தைக்கு அவ்வளவு மருந்துச் சக்தி.

எனக்கு இரண்டு தபால் வந்தன. ஒன்று, ஆட்சிமொழியைப் போற்றியதற்குப் பாராட்டுச் சான்றிதழ். இன்னொன்று, அரசுக்குக் களங்கம் வரும்படி சொல்லைப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. இரண்டிலும் என் பெயரைப் பிழையாகவே எழுதியிருந்தார்கள், இரண்டு விதமான பிழை.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், எனக்குக் கால் மடங்கவில்லை.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவதுங்க."

"காலராவுக்கும் ஜி.இ.க்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. தமிழ்ல ஒண்ணுதாங்க இருக்கு."

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். ஓரத்தில் இருந்தவர் இருமினார், சிரிப்பை மறைக்கத்தான். "படிப்பறிவில்லாத ஊழியரின் அறியாமை" என்று எழுதி முடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டிருப்பேன். அறியாமைக்கு வேலை போகாது, அரசாங்கத்தில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. டாக்டர் ஐயாதான் குறுக்கே வந்தார்.

"அறியாமை இல்ல சார். ஒவ்வொரு பக்கமும் நான் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அது காலராதான்."

கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அதுதான் இரண்டாவது தடவை. அடுத்த மாதம் அவரை எங்கோ மலைமேல் மாற்றினார்கள். போகிற நாளில் பஸ் வரை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். "மலை மேல தண்ணி நல்லா இருக்கும்ங்க" என்றேன். "பார்ப்போம்" என்றார்.

கொஞ்ச நாளில் சுற்றறிக்கை ஒன்று வந்தது. வாந்திபேதி என்ற சொல் கொச்சையாக இருப்பதால் இனி 'கழிச்சல்' என்று எழுதவேண்டும் என்றது. நோய்க்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்த திருப்தியில் இருந்தார்கள்.

மேலத்தெருவுக்கு அடிபம்பு போட்டுக் கொடுத்தார்கள், அதைச் சொல்லவேண்டும். திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்து மாலை போட்டுக்கொண்டு அரைமணி பேசினார். தாய்மார்கள் குடம் தூக்கி நடக்கும் துயரம் பொறுக்காமல் போட்டதாம். குட்டையைப் பற்றி இல்லை, கிணற்றைப் பற்றி இல்லை, கட்டில்களைப் பற்றி இல்லை. கைதட்டி முடிந்ததும் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல். பழைய குரல் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் ஜன்னலுக்குக் கேட்கும்.

"ஏங்க, எதுக்குப் போட்டதுன்னு நீங்க சொல்லலியே? வாந்திபேதிக்குப் போட்டதுங்க. எங்க ஊட்டுக்காரரு செத்துப் போட்ட பம்புங்க இது."

"உட்காரும்மா, உட்காரும்மா" என்றார்கள். காத்தாயி உட்காரவில்லை. போய்ப் பம்பை அடித்து முதல் குடத்தைப் பிடித்தாள். "ஏ வாங்கடி, பேதி பம்புல தண்ணி வருது!" என்று தெருவைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து அது பேதி பம்பு. பிறகு தெருவே பேதி பம்புத் தெரு ஆனது. இடையில் மூன்று தலைவர்கள் பெயரில் மூன்று முறை போர்டு நட்டார்கள். தபால்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "பேதி பம்புத் தெருவான்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுக் கடிதம் கொடுத்தார். ரேஷன் கார்டிலும் அப்படியே ஏறியது. காத்தாயி இப்போது இல்லை.

அன்றைக்கு ரேவதி எதிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு 'மற்றவை' போட்டு முடித்தாளே, அடுத்து முகவரி கேட்டாள்.

"எந்தத் தெருக்கா?"

"பேதி பம்புத் தெரு."

ரேவதி மேலும் கீழும் தேய்த்தாள். "அட, இருக்கு ஆயா! அப்படியே இருக்கு! யாரு ஆயா இப்படி அசிங்கமாப் பேரு வெச்சது?"

நோய்ப் பட்டியலில் இல்லை, தெருப் பட்டியலில் இருக்கிறது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். அந்த 'பே' கொஞ்சம் கோணல், என் கைக்கு இன்னும் அழகாக வரும். ரேவதி அதை ஒரு தட்டுத் தட்டினாள். 'பதிவு ஏற்கப்பட்டது' என்று பச்சையில் எழுத்து வந்தது.